ஐஸ் பெட்டிக்குள் நேற்றைய மின்சாரம்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரியைத் தாண்டிச் சென்றால் பழவேற்காடு வரும். டச்சுக்காரர்கள் 1613 ஆம் ஆண்டில் கோட்டை கட்டிய ஊர் அது. ஊரை ஒட்டி விரிந்து கிடப்பது பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. தென்கோடி மட்டும் நமது திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கரையில் குப்பம் குப்பமாக மீனவர்கள் வாழ்கிறார்கள்.

அங்கே ஒரு விடியற்காலையை மனக்கண்ணால் பாருங்கள். இரவெல்லாம் வலை போட்டவர்கள் படகுகளைக் கரை சேர்க்கிறார்கள். கூடைகளில் இறால், மடவை, நண்டு. மறுபக்கம் ஐஸ் ஏற்றிய வேன் வந்து நிற்கிறது. மீன் வாங்கி ஊர் ஊராக விற்கச் செல்லும் பெண்கள் அதைச் சூழ்ந்து கொள்கிறார்கள்.

"என்ன அண்ணே, பாரு நடுவுல தண்ணியா நிக்குதே!"

"ராத்திரி கரண்டு நின்னு நின்னு வந்துச்சுக்கா. முழுசா உறையலை."

இந்த இரண்டு வரிப் பேச்சுக்குள் ஒரு பெரிய அறிவியல் உண்மை இருக்கிறது. நேற்று இரவு மின்சாரம் குறைந்தது. இன்று காலை ஐஸ் குறைந்தது. அப்படியானால் நேற்று செலவழித்த மின்சாரம்தான் இன்று ஐஸ் வடிவில் அந்த அக்காவின் பெட்டிக்குள் இருக்கிறது என்று சொல்லலாம் அல்லவா? மின்சாரத்தை ஒரு நேரத்தில் வாங்கி, வேறொரு நேரத்தில் பயன்படுத்துவது எப்படி, அதனால் யாருக்கு லாபம் என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மின்சாரத்தை மூட்டை கட்ட முடியுமா?

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கிறோம். தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைக்கிறோம். மின்சாரத்தை அப்படி வைக்க முடியாது. நம் வீட்டுக் கம்பியில் வரும் மாறுதிசை மின்னோட்டத்தை அதே உருவில் சேர்த்து வைக்க வழியில்லை. நீங்கள் சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில் எவ்வளவு மின்சாரம் தேவையோ, அவ்வளவு மின்சாரம் அதே கணத்தில் எங்கோ ஒரு மின்நிலையத்தில் உற்பத்தியாக வேண்டும்.

உற்பத்தியும் தேவையும் சமமாக இருக்கின்றனவா என்பதை எப்படி அறிவது? அதற்கு ஓர் அளவுகோல் உண்டு. நமது மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவுறுகிறது. தேவை கூடி உற்பத்தி குறைந்தால், மின்னாக்கிகளின் வேகம் தளர்ந்து இந்த எண் 50க்குக் கீழே இறங்கும். தேவை குறைந்து உற்பத்தி கூடினால் 50க்கு மேலே ஏறும். ஆகவே மின்தொகுப்பைக் கட்டுப்படுத்தும் பொறியாளர்கள் இந்த எண்ணை இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள்.

தேவையோ ஒரே சீராக இருப்பதில்லை. காலையில் மோட்டார், மிக்சி, கிரைண்டர் என்று ஏறும். மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் மீண்டும் உச்சிக்குப் போகும். நள்ளிரவுக்குப் பின் ஊர் உறங்கும்போது இறங்கிவிடும். இதை வரைபடமாக வரைந்தால் இரட்டைத் திமிலுள்ள ஒட்டகத்தின் முதுகைப் போலத் தோன்றும்.

பழவேற்காட்டுக்குத் தெற்கே, எண்ணூர் முகத்துவாரத்தின் வடபுறத்தில், வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. அதன் முதல் அலகு 1994 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. நிலக்கரியை எரித்து, கொதிகலனில் நீராவி உண்டாக்கி, அதனால் சுழலியைச் சுற்றுவது இதன் முறை. இத்தகைய கொதிகலனை நம் வீட்டு அடுப்பைப் போல நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது ஏற்ற முடியாது. ஆறிப்போன கொதிகலனை மறுபடி சூடேற்றப் பல மணி நேரம் ஆகும், எரிபொருளும் வீணாகும். எனவே இரவில் தேவை குறைந்தாலும், ஓரளவு உற்பத்தியைத் தொடர்ந்து நடத்தியே தீர வேண்டும். இப்படி வாங்க ஆளில்லாமல் நிற்கும் மின்சாரத்தைத்தான் பல நாடுகளில் குறைந்த விலைக்கு விற்கிறார்கள்.

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. அங்கே 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் வலை கட்டினால் யாருக்கும் போதிய மீன் கிடைக்காது, சண்டைதான் மிஞ்சும். ஆகவே முறைவைத்து, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் மீன் பிடிக்கலாம் என்று வகுத்துக் கொண்டிருக்கிறார்கள். மின்சாரத்தில் நேரத்துக்கு ஒரு விலை வைப்பதும் இதே நோக்கத்தோடுதான். எல்லோரும் மாலை 7 மணிக்கே மின்சாரத்தை இழுக்காமல், தள்ளிப்போடக் கூடிய வேலையைத் தள்ளிப்போடச் செய்வதே அதன் பயன்.

மலைமேல் ஏறும் மின்சாரம்

மின்சாரத்தை அப்படியே சேமிக்க முடியாது என்றாலும், அதை வேறோர் ஆற்றலாக மாற்றிச் சேமிக்கலாம். இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு ஆனைமலையில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம். மலைக்குள் குடைந்து அமைக்கப்பட்ட இந்நிலையத்தில் 100 மெகாவாட் திறனுள்ள 4 அலகுகள் உள்ளன. முதல் அலகு 1987 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது.

இங்கே மேலே ஓர் அணை. கீழே ஓர் அணை. மின்சாரம் மிகுதியாக இருக்கும் நேரத்தில் கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவை மிகும் நேரத்தில் அந்நீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். நீரை ஏற்றும் எந்திரமே திரும்பிச் சுழன்று மின்னாக்கியாகவும் வேலை செய்கிறது. இவ்வகை நிலையங்களில் 4 யூனிட் செலவழித்தால் ஏறத்தாழ 3 யூனிட் திரும்பக் கிடைக்கும்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1 யூனிட் என்பது 1,000 வாட் கருவி 1 மணி நேரம் இயங்கச் செலவாகும் ஆற்றல். அதாவது 1,000 × 3,600 = 36,00,000 ஜூல். 1 டன் நீரை 1 மீட்டர் உயர்த்த 1,000 × 9.8 = 9,800 ஜூல் வேண்டும். ஆகவே 1 யூனிட் ஆற்றலைச் சேமிக்க, 1 டன் நீரை ஏறத்தாழ 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும்!

"பழவேற்காட்டில்தான் இவ்வளவு பெரிய ஏரி இருக்கிறதே, அதையே சேமிப்புத் தொட்டியாகப் பயன்படுத்தலாமே?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். கடலில் ஏற்றம் வரும்போது முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் நீர் புகுகிறது. வற்றம் வரும்போது வெளியேறுகிறது. பிரான்சு நாட்டில் ரான்சு ஆற்றின் முகத்துவாரத்தில் 1966 ஆம் ஆண்டு முதல் கடல் ஏற்றவற்றத்தால் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் அங்கே நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்குகிறது. நம் கரையிலோ ஏற்றவற்றம் மிகக் குறைவு. உயர வேறுபாடு அரை மீட்டர் என்று வைத்துக் கொண்டால், 1 டன் நீரில் 4,900 ஜூல்தான் இருக்கும். 1 யூனிட் பெற ஏறத்தாழ 735 டன் நீர் இறங்க வேண்டும். போதாக்குறைக்கு, முகத்துவாரத்தை அடைத்து மதகு போட்டால் இறாலும் மீனும் கடலிலிருந்து ஏரிக்கு வந்து போகும் வழி அடைபடும். மீனவர்களின் வாழ்வே போய்விடும். மலையில் பொருந்தும் முறை சமவெளியில் பொருந்துவதில்லை.

குளிரைச் சேமித்தல்

மலையில்லாத ஊரில் என்ன செய்வது? இனி நம் ஐஸ் பெட்டிக்கு வருவோம்.

ஐஸ் கம்பெனியில் பெரிய தொட்டி நிறைய உப்புநீர் இருக்கும். உப்பு கலந்திருப்பதால் அது 0 டிகிரியிலும் உறையாது. அமோனியா வாயுவை அமுக்கித் திரவமாக்கி, பின் குழாய்களுக்குள் ஆவியாக விடும்போது, அது உப்புநீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. உப்புநீர் 0 டிகிரிக்குக் கீழே சுமார் 10 டிகிரி வரை குளிர்கிறது. நல்ல நீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை இந்த உப்புநீருக்குள் இறக்கி வைக்கிறார்கள். நீர் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக உறைந்து கொண்டே போகும். முழுவதும் உறையப் பல மணி நேரமாகும். இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு விடை தெரிகிறதா? இடையிடையே மின்சாரம் நின்றதால் நடுப்பகுதி உறைய நேரம் போதவில்லை.

1 கிராம் ஐஸ், 0 டிகிரியிலேயே இருந்து கொண்டு நீராக உருகுவதற்கு 334 ஜூல் வெப்பத்தை உட்கொள்கிறது. வெப்பமானியில் தெரியாமல் ஒளிந்து கொள்ளும் இந்த வெப்பத்துக்கு 'உள்ளுறை வெப்பம்' என்று பெயர். ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜோசப் பிளாக் இதை 1760களில் ஆராய்ந்து விளக்கினார். ஐஸைச் சேமிப்புப் பொருளாக்குவது இந்தப் பண்புதான்.

50 கிலோ ஐஸ் பார் ஒன்றை எடுத்துக் கொள்வோம்.

30 டிகிரி நீரை 0 டிகிரிக்குக் குளிர்விக்க, கிலோ ஒன்றுக்கு 30 × 4.2 = 126 கிலோஜூல்.
அதை உறைய வைக்க, கிலோ ஒன்றுக்கு 334 கிலோஜூல்.
ஆக மொத்தம் 460 கிலோஜூல். 50 கிலோவுக்கு 23,000 கிலோஜூல்.

1 யூனிட் 3,600 கிலோஜூல் ஆதலால், இது ஏறத்தாழ 6.4 யூனிட் வெப்பத்துக்குச் சமம். அப்படியானால் ஐஸ் கம்பெனிக்கு 6.4 யூனிட் மின்சாரம் செலவாகுமா? இல்லை. குளிர்விக்கும் எந்திரம் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளுகிறது. 1 யூனிட் மின்சாரம் 2 யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளுவதாக வைத்துக் கொண்டால், ஒரு பார் ஐஸுக்கு 3.2 யூனிட் போதும். உருகும்போது அந்தப் பார் 16,700 கிலோஜூல், அதாவது 4.6 யூனிட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை மீனிடமிருந்தும் சுற்றுப்புறத்திடமிருந்தும் வாங்கிக் கொள்ளும்.

இதில் மற்றொரு வசதியும் உண்டு. மாலை 6 மணி முதல் 10 மணி வரை மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது, ஐஸ் கம்பெனி எந்திரத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தாலும் குடி முழுகிப் போகாது. தொட்டியிலுள்ள உப்புநீரும் பாதி உறைந்த ஐஸும் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் அப்படி நிறுத்திய நேரத்தை இரவில் ஈடுகட்ட வேண்டும். வேண்டும் என்றே, கணக்குப் போட்டு நிறுத்துவதற்கும், திடீரென்று மின்சாரம் போவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

குளிரைக் கப்பலேற்றிய கதை

குளிரைச் சேமித்து விற்கும் தொழில் மின்சாரத்துக்கும் முந்தியது. சென்னைக் கடற்கரையில், இப்போது விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் வட்ட வடிவக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர் 1842 ஆம் ஆண்டில் அதைக் கட்டினார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறையும்போது, ஐஸைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 1833 ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு வந்த முதல் கப்பல் 180 டன் ஐஸுடன் புறப்பட்டு, 4 மாதப் பயணத்துக்குப் பின் ஏறத்தாழ 100 டன்னைக் கொண்டு வந்து சேர்த்தது.

வெப்பமண்டலக் கடலில் 4 மாதம்! எப்படிச் சாத்தியமாயிற்று? இரண்டு காரணங்கள். ஒன்று, ஐஸைச் சுற்றி மரத்தூள் அடைத்தார்கள். மரத்தூளுக்குள் அகப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. இன்றைய தெர்மாகோல் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு, பாளங்களை இடைவெளியின்றி ஒரே மலையாக அடுக்கினார்கள். பொருள் பெரிதாகப் பெரிதாக, அதன் பருமனோடு ஒப்பிட மேற்பரப்பு குறைந்து கொண்டே வரும். வெப்பம் புகுவது மேற்பரப்பின் வழியாகத்தானே? அதனால்தான் அனுபவமுள்ள மீன்காரப் பெண்கள் தேவைப்படும்போது மட்டுமே ஐஸை உடைக்கிறார்கள். பொடித்த ஐஸ் மீனை விரைவில் குளிர்விக்கும், விரைவில் கரைந்தும் போகும்.

பாடப் புத்தகக் கணக்குப்படி 1 கிலோ ஐஸ், 30 டிகிரியில் உள்ள 3 கிலோ மீனை 0 டிகிரிக்குக் குளிர்விக்கப் போதும். ஆனால் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ் என்று போடச் சொல்கிறார்கள். மீதி 2 பங்கு எங்கே போகிறது? பெட்டியின் சுவர் வழியே கசியும் வெப்பத்துக்கு இரையாகிறது. ஆக, நல்ல மூடியுள்ள ஒரு பெட்டி மின்சாரத்தைச் சேமிக்கும் கருவியே ஆகும். விற்று முடிவதற்குள் மீன் நொய்ந்து போனால் பாதி விலைகூடக் கிடைக்காது. அந்த நட்டம் அன்றைய அடுப்பைத் தொடும்.

குளிரைப் போலவே சூட்டையும் சேமிக்கலாம். பிரிட்டனில் 1978 ஆம் ஆண்டு 'எக்கானமி 7' என்ற பெயரில் இரவு 7 மணி நேரத்துக்குக் குறைந்த கட்டணம் கொண்டு வந்தார்கள். அந்நேரத்தில் மின்சாரத்தால் கனத்த செங்கற்களைச் சூடாக்கி, மறுநாள் முழுவதும் அந்தச் சூட்டால் வீட்டைக் கதகதப்பாக வைத்துக் கொண்டார்கள். அவர்களுக்குச் செங்கல், நமக்கு ஐஸ்.

வீட்டு பாட்டரி: லாபமா, நட்டமா?

இப்போது வீட்டுக்கு வருவோம். மின்சாரத்தை மின்சாரமாகவே திரும்பப் பெற வேண்டுமானால் பாட்டரி வேண்டும். ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்ட பாட்டரியை 1859 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பிளாண்டே உருவாக்கினார். இன்றும் நம் வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் இவ்வகையே பயன்படுகிறது. "இரவில் சார்ஜ் ஏற்றிப் பகலில் பயன்படுத்துங்கள், கரண்டு பில் பாதியாகும்" என்று யாராவது சொன்னால் நம்பலாமா? கணக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்வோம்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியின் கொள்ளளவு 12 × 150 = 1,800 வாட்-மணி. அதாவது 1.8 யூனிட். அடிக்கடி முழுவதும் வடித்தால் பாட்டரி விரைவில் கெடும். ஆகவே பாதி, அதாவது 0.9 யூனிட் மட்டும் எடுப்போம். இன்வெர்ட்டரில் சிறிது வீணாகி, விளக்குக்கும் விசிறிக்கும் 0.8 யூனிட் வந்து சேரும். 75 வாட் விசிறி ஒன்றும், 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்றும் சேர்ந்து 102 வாட். இவை ஏறத்தாழ 8 மணி நேரம் இயங்கும்.

ஆனால் பாட்டரியை மறுபடி நிரப்ப எவ்வளவு வேண்டும்? வேதிவினையில் ஒரு பங்கும், சார்ஜரில் ஒரு பங்கும் வெப்பமாக வீணாவதால், சுமார் 1.25 யூனிட் கொடுக்க வேண்டும். 1.25 கொடுத்து 0.8 வாங்குகிறோம். ரூபாய்க்கு 64 பைசாதான் திரும்பி வருகிறது.

பகல் யூனிட் 6 ரூபாய், மலிவு நேர யூனிட் 20 சதவீதம் குறைத்து 4 ரூபாய் 80 காசு என்று வைத்துக் கொள்வோம். பாட்டரி வழியே வரும் 1 யூனிட்டின் விலை 4.80 ÷ 0.64 = 7 ரூபாய் 50 காசு. நேரே வாங்கினால் 6 ரூபாய்! மலிவாக வாங்கியும் நட்டம். இதிலிருந்து ஒரு விதியைக் கண்டறியலாம்: மலிவு விலை, பகல் விலையின் 64 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் இந்தப் பாட்டரியால் மிச்சம் பிடிக்க முடியும்.

பாட்டரியின் தேய்மானத்தையும் சேர்க்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு வாங்கிய பாட்டரி 1,200 முறை இப்படி வேலை செய்தால், தன் வாழ்நாளில் 960 யூனிட் தரும். யூனிட்டுக்குத் தேய்மானம் மட்டும் ஏறத்தாழ 15 ரூபாய் 60 காசு! லித்தியம் பாட்டரியில் வீணாகும் பங்கு குறைவு. 90 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். ஆயிரக்கணக்கான முறை பயன்படும். ஆயினும் அதன் விலையையும் இதே தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டின் 2024 ஆம் ஆண்டுக் கட்டண முறைப்படி, வீடுகளுக்கு 2 மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். பகல் யூனிட்டுக்கும் இரவு யூனிட்டுக்கும் ஒரே விலை. எனவே அம்முறையில் ஒரு குப்பத்து வீட்டில் இரவு மின்சாரத்தைப் பாட்டரியில் சேர்த்துப் பகலில் செலவழித்தால் பில் கூடத்தான் செய்யும். உயர் அழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு அதே கட்டண முறையில் உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதலும், இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 5 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. 5 சதவீதத் தள்ளுபடிக்காக யாரும் பாட்டரி வாங்க மாட்டார்கள். ஆனால் உச்ச நேரத்தில் எந்திரத்தை நிறுத்தி வைக்கக் கூடிய தொழிலுக்கு அந்த 25 சதவீதம் மிச்சமாகும்.

அப்படியானால் வீட்டு பாட்டரி வீண் செலவா? அப்படியும் சொல்ல முடியாது. 2016 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் நாள் வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. திருவள்ளூர் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய இரவில் ஒரு விளக்கின் மதிப்பையும், உறவினரோடு பேச உதவும் கைப்பேசியின் மதிப்பையும் யூனிட் கணக்கில் அளக்க முடியாது. பாட்டரியை அதற்காக வாங்குங்கள். பில் குறையும் என்று நம்பி வாங்காதீர்கள்.

மலிவு நேரம் இடம் மாறுகிறது

இதுவரை மலிவு நேரம் என்றால் இரவு என்றே பேசி வந்தோம். அந்த நிலை மாறி வருகிறது. தமிழ்நாட்டின் சூரிய மின்உற்பத்தித் திறன் 2025 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10,000 மெகாவாட் அளவை எட்டியது. சூரியன் உச்சியில் இருக்கும்போது இவ்வளவும் ஒன்றாகப் பொங்கி வரும். மாலையில், எல்லோரும் விளக்கேற்றும் அதே நேரத்தில், முற்றிலும் நின்றுவிடும். எனவே மின்சாரம் மிஞ்சும் நேரம் நள்ளிரவிலிருந்து நண்பகலுக்கு நகர்கிறது.

மத்திய அரசு 2023 ஆம் ஆண்டில் மின் நுகர்வோர் விதிகளைத் திருத்தியபோது இதைக் கருத்தில் கொண்டது. ஒரு நாளில் 8 மணி நேரத்தைச் சூரிய நேரமாக வகுத்து, அப்போது வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் வாங்க வேண்டும் என்பது அந்த விதி. நேரத்தைக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் மீட்டர் இதற்குத் தேவை.

பழவேற்காட்டுக்கு இதில் நன்மை உண்டா? உண்டு. ஐஸ் கம்பெனியின் எந்திரம் நண்பகலில் முழு வேகத்தில் ஓடலாம். மாலையில் ஓய்வெடுக்கலாம். விடியற்காலையில் படகு வரும்போது ஐஸ் தயாராக இருக்கும். நண்பகல் வெயிலையே மறுநாள் காலை மீனுக்குக் குளிராகக் கொடுப்பது விந்தையல்லவா?

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு டிபன் பாக்ஸ்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் அரை கிலோ ஐஸ் போட்டு மூடுங்கள். ஒன்றை அப்படியே மேசைமேல் வையுங்கள். மற்றொன்றை உமி அல்லது மரத்தூள் நிரப்பிய அட்டைப் பெட்டிக்குள் புதைத்து வையுங்கள். 1 மணி நேரம் கழித்து, இரண்டிலும் உருகிய நீரை அளவுக் குவளையில் ஊற்றி அளந்து பாருங்கள்.

100 மில்லிலிட்டர் உருகியிருந்தால், உள்ளே புகுந்த வெப்பம் 100 × 334 = 33,400 ஜூல். இதை 3,600 வினாடியால் வகுத்தால் ஏறத்தாழ 9.3 வாட். அதாவது, ஓர் எல்.இ.டி. விளக்கு எரியும் அளவுக்கு வெப்பம் அந்தப் பெட்டிக்குள் விடாமல் கசிந்து கொண்டிருக்கிறது! உமியில் புதைத்த பெட்டிக்கும் இதே கணக்கைப் போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

சிந்தியுங்கள்

1. மலிவு நேர யூனிட் 4 ரூபாய் 80 காசு, உச்ச நேர யூனிட் 6 ரூபாய். 90 சதவீதம் திருப்பித் தரும் லித்தியம் பாட்டரியால் யூனிட்டுக்கு எவ்வளவு மிச்சம்? அது தன் வாழ்நாளில் 6,000 யூனிட் தருமானால், என்ன விலைக்குக் கீழே வாங்கினால் கட்டுபடியாகும்?

2. உங்கள் வீட்டு வேலைகளில் எவற்றை மாலை உச்ச நேரத்திலிருந்து நண்பகலுக்குத் தள்ளலாம்? மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றுவதையும், இட்லி மாவு அரைப்பதையும் மறந்துவிடாதீர்கள். இவற்றுக்குப் பாட்டரியே தேவையில்லை.

முதல் கேள்விக்கு விடை: யூனிட்டுக்குச் சுமார் 67 காசு மிச்சம், விலை ஏறத்தாழ 4,000 ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டாம் கேள்விக்கு விடையை உங்கள் வீட்டில் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். அடுத்த முறை மீன்காரர் கூடையை இறக்கும்போது, மூடியைத் திறந்து மூட அவர் எவ்வளவு விரைவு காட்டுகிறார் என்பதையும் கவனியுங்கள். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.